அத்தைக்காகக் கிண்டிய களி

நல்லெண்ணெயில் உளுந்து மாவு வெந்து வரும் வாசனை எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தால், நான் பள்ளிக்கூடப் பையோடு மாடிப்படியிலேயே நின்றுவிடுவேன். நான் பெரியவளானபோது தொடங்கிய தொல்லை அது. பச்சை முட்டை, அதன் ஓட்டில் அளந்து ஊற்றிய நல்லெண்ணெய், அதற்குப் பிறகு 'உளுந்தங்களி'. கருப்பட்டி கிடைக்காவிட்டால் அம்மா 'குலா மலாக்கா' என்கிற தென்னை வெல்லத்தைப் பாகு காய்ச்சி ஊற்றுவார். "இடுப்புக்குப் பலம், சாப்பிடு" என்பதற்கு மேல் விளக்கம் கிடையாது.

மற்ற வீடுகளில் சடங்கோடு இந்தக் களியும் நின்றுவிடும். எங்கள் வீட்டில் மட்டும் சடங்கு முடிந்து மாதக்கணக்காகியும் அம்மா வாராவாரம் கிண்டினார், அதுவும் ஊருக்கே பரிமாறுகிற அளவுக்கு. நான் ரெண்டு வாயோடு எழுந்துவிடுவேன். மீதியை அம்மா, எங்களோடு இருந்த அப்பாவின் தங்கையான என் அத்தையின் முன்னால் நகர்த்துவார். "உன் மருமக தின்ன மாட்டேங்குறா. வீணாப் போவுது, நீ முடிச்சிரு லா."

அத்தைக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிப் பாலம் கடந்து போவார். தாசேக் கெலுகோரிலிருந்து அவரைப் பெண் பார்க்க வருவதாக ஒரு பேச்சு வந்ததிலிருந்து, தான் குண்டு என்று ஒரு நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. சோற்றை விட்டார். கோப்பியும் பிஸ்கட்டும்தான் ஆகாரம். கூட வேலை செய்த ஒருத்தி விற்ற, உடம்பு இளைக்க வைக்கும் காப்ஸ்யூல் வேறு.

வீட்டில் மாலை விளக்கு ஏற்றுவது அத்தையின் வேலை. 'அந்த' நாட்களில் பெண்கள் சாமி மேடைப் பக்கம் போவதில்லை. அத்தைக்கு முடியாதபோது அம்மா ஏற்றுவார். ஆனால் அந்த வருடம் அத்தையே தினமும் ஏற்றினார். "என் தங்கச்சி மாதிரி பக்தி யாருக்கு வரும்? ஒருநாள் விட்டதில்ல" என்று அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்தார். நானும் நம்பினேன். அம்மா மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டார்.

ஒரு மாலை திரியைத் தூண்டிக்கொண்டிருந்த அத்தை தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிப்போய் அவரைத் தாங்கி, மடியில் சாய்த்துக்கொண்டார்.

"எப்பலருந்து வரல?"

"தீபாவளிக்கு முன்னாலருந்து, அண்ணி. எனக்குப் புள்ள பொறக்காதோன்னு பயமா இருக்கு. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"மாப்பிள்ள கெடக்கட்டும். நாளைக்கு லீவு போடு, கிளினிக்குப் போவோம். அந்த மாத்திரையையும் எடுத்துக்க."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல அண்ணி?"

"கேட்டா அழுவ. அதான் களி கிண்டுனேன்."

எனக்கென்று நான் திட்டிக்கொண்டே விழுங்கிய களி யாருக்காக என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் காப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார், ரத்தப் பரிசோதனை எடுத்தார், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், சோறு சாப்பிடச் சொல்லி அதட்டினார். அம்மா மாத்திரையையும் கொடுத்தார், களியையும் விடவில்லை. எது வேலை செய்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சில மாதங்கள் கழித்து ஒரு மாலை அம்மா விளக்கேற்றுவதைப் பார்த்து, "தங்கச்சிக்கு என்னாச்சு?" என்று அப்பா பதறினார். "அவளுக்கு இன்னிக்கு லீவு" என்று சொன்ன அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வீடு இப்போது வேறு யாருக்கோ சொந்தம். அத்தை தன் மகனோடு தாசேக் கெலுகோரில் இருக்கிறார். மாதவிடாய் நின்றபின் வரும் உடம்புச் சூட்டைப் பற்றி என்னிடம் போனில் கூச்சமில்லாமல் பேசுகிறார். எனக்கும் ஹார்மோன் கோளாறு உண்டு. டாக்டர் சொன்ன வைட்டமின்கள் மேசையில் இருக்கின்றன, என் நாள் தள்ளிப்போனால் கைப்பேசி சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் இதையெல்லாம் வாய்விட்டுப் பேச முடிகிறது, நல்லதுதான். யாராவது கேட்டால் நானும் சொல்லிவிடுவேன். கேட்காமலே தெரிந்துகொள்ளத்தான் அம்மா இல்லை.