வெளி லைன்

அண்ணன் வீட்டு போனிலிருந்து அழைப்பு வெளியே போகிறதா என்று சோதித்தவள் நான்தான். போகிறது என்று அடித்துச் சொன்னவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சாக்குத் தேடுவது போல ஆகிவிடும்.

அண்ணன் ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டில் தனியாக இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. அண்ணி தவறிப்போன பிறகும் எஸ்டேட் ஓரத்தில் கட்டிய சின்ன வீட்டை விட்டு அவர் நகரவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஏற்காடு டவுனில். எங்களோடு வந்துவிடச் சொன்னால், "இந்த ஊட்டுக்கு என்ன கண்ணு கொறைச்சல்?" என்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆகி, தலை நரைத்துப்போன என்னை இன்னமும் கண்ணு என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

போன மழைக்காலத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் ஒரு வலி வந்து போயிற்று. சேலத்து டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "அடுத்த தடவை வந்தா உடனே கெளம்பி வந்துரணும். தள்ளிப்போட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அண்ணன் வீடு பள்ளத்தில் இருக்கிறது. செல்போனுக்கு டவர் கிடைக்காது. பேச வேண்டுமானால் மேலே ரோட்டு வளைவு வரைக்கும் ஏற வேண்டும். நெஞ்சு வலிக்கிற மனுஷன் மேடேறிப் போயா போன் செய்வார்? பழைய லேண்ட்லைன் கம்பி, சவுக்கு மரம் விழுந்து அறுந்ததோடு சரி.

ஆனால் இன்டர்நெட் கேபிள் மட்டும் எப்படியோ அவர் வீடு வரைக்கும் வந்திருந்தது. உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு பக்கம் இன்டர்நெட்டைச் செருகி, மறுபக்கம் சாதாரண போனைச் செருகினால் பேசலாம். கரண்ட் போனாலும் ஓட ஒரு பேட்டரியும் வாங்கினேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று எனக்கு எண்ணம்.

உள்ளே வரும் அழைப்பு முதல் நாளே சரியாகிவிட்டது. வெளியே போவதுதான் முரண்டு பிடித்தது. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிப் போய் லேப்டாப்பும் கையுமாக அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அண்ணன் வரக்காப்பியை வைத்துவிட்டு, "விடு கண்ணு. நீ கூப்புட்டா நான் எடுக்கறனல்ல, அது போதாதா?" என்றார்.

"போதாதுங்கண்ணா. உங்களுக்கு ஒண்ணுன்னா, நான் கூப்புடற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாய்க்கு நேரம் காலம் கிடையாது.

ரெண்டாவது ஞாயிறு மத்தியானம் கோளாறு பிடிபட்டது. அழைப்பை எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பினேன். அடுத்து, எந்த எண்ணை எப்படி அனுப்புவது என்று பெட்டிக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும். முன்னால் சைபர் போட்டாலும் போகட்டும், போடாவிட்டாலும் போகட்டும் என்று எழுதினேன். அந்தக் காலத்து ஆட்கள் சைபர் போட்டே பழகியவர்களாயிற்றே! அந்த அளவுக்கு யோசித்த என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரெண்டு தடவை நானே போட்டுப் பார்த்தேன். டவுனில் என் வீட்டுக்காரர் எடுத்தார். பிறகு அண்ணனை உட்காரவைத்து, "இப்ப நீங்க போடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். சைபரை அமுக்கினார். அதோடு நிறுத்திவிட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. ஒரு வினாடி, ரெண்டு, மூன்று.

"என்னங்கண்ணா யோசனை? மழை வருது, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இல்ல கண்ணு, இதுல..."

"இதுல ஒண்ணுமில்லீங்க, நகருங்க." எட்டி, மிச்ச எண்களை நானே படபடவென்று அமுக்கினேன். மணி அடித்தது. "பாத்தீங்களா? போகுதா இல்லையா?"

"போகுது" என்றார்.

வாசலில் குடையை விரிக்கும்போது மறுபடி ஆரம்பித்தார். "ஏங்கண்ணு, அந்தச் சைபர் போட்டதுக்கப்பறம்..."

"எல்லாம் போகுமுங்கண்ணா! நீங்க எதையும் நோண்டாம இருந்தாச் சரி. இத்தன நாளும் நாந்தான் கூப்புட்டேன். இனி நீங்கதான் கூப்புடணும். நான் கூப்புட மாட்டேன், பாத்துக்கங்க."

"நொம்பத்தான் அதிகாரம் பண்ற" என்று சிரித்தார். நான் மேடேறித் திரும்பிப் பார்த்தபோது வாசலில்தான் நின்றிருந்தார். பனியில் முகம் தெரியவில்லை.

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாய் விடிந்ததிலிருந்து மழை, அன்றைக்கும் வரவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரெண்டு ஞாயிறு கழுத்து ஒடிய உட்கார்ந்து செய்து கொடுத்தேனே, ஒரு வார்த்தை பேசினால் என்னவாம்? "நீயே போடேன்" என்றார் என் வீட்டுக்காரர். "ஏன், அவருக்குக் கை இல்லையா?" என்று கேட்டேன். வாய் கூசாமல் அப்படித்தான் கேட்டேன். புதன் காலை ஒன்பது மணிக்கு மேல் மனசு என்னவோ போலாகி ரிசீவரில் கை வைத்தேன். பிறகு, நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று கையை எடுத்துவிட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு வேலையும் ஓடாமல், ஜீப் பிடித்துக் கிளம்பினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. போன் மேஜைக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ரிசீவர் மட்டும் அதன் இடத்தில் ஒழுங்காக வைத்திருந்தது. மேலே பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜீப்பில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு பனி. அப்போதும் என் வாய் அடங்கவில்லை. "போன் பக்கத்துலயே இருந்துச்சேண்ணா! ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

கண்ணைத் திறந்து பார்த்தார். "போட்டேன் கண்ணு. லைன் குடுக்கல."

பிதற்றுகிறார் என்று நினைத்தேன். சேலத்தில் டாக்டர், "நேத்தே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் அண்ணன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், சாமான்களை ஒழிக்கப் போன இடத்தில், லேப்டாப்பில் அந்தப் பெட்டியின் கணக்கைத் திறந்தேன். வெளியே போன அழைப்புகளுக்கு அதில் ஒரு பட்டியல் உண்டு. ஞாயிறன்று நாங்கள் போட்டவை முதலில் இருந்தன. அதற்குப் பிறகு செவ்வாய் விடிகாலையிலிருந்து பதினான்கு வரிகள். பதினான்கிலும் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சைபர். முதலில் நிமிஷத்துக்கு ஒன்றாக. பிறகு அரை மணிக்கு ஒன்றாக. அப்புறம் வெகு நேரம் விட்டு விட்டு. கடைசி வரி புதன் காலை ஒன்பது பத்து. நான் ரிசீவரிலிருந்து கையை எடுத்த நேரம்.

அப்போதுதான் அண்ணனுடைய எஸ்டேட் ஆபீஸ் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் நான் அங்கே போய் எத்தனையோ தடவை போன் பேசியிருக்கிறேன். வெளியே பேச வேண்டுமானால் முதலில் சைபரை அமுக்கிக் காத்திருக்க வேண்டும். வெளி லைன் கிடைத்ததற்கு அடையாளமாக இன்னொரு டோன் வரும். அதற்கு முன்னால் எண்ணைப் போட்டால் போகாது. முப்பது வருஷம் அந்த டோனுக்காகக் காத்திருந்து பழகிய கை, நெஞ்சு அடைக்கும்போதும் சைபரை அமுக்கிவிட்டுக் காத்திருந்திருக்கிறது. என் பெட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெறும் சைபரை மட்டும் அனுப்பி ஒவ்வொரு தடவையும் அவரைத் துண்டித்துவிட்டது.

அந்த டோனை என் பெட்டியிலும் வரவைக்கலாமா என்று தேடினேன். வரலாம். நான் எழுதிய வரியில் ஒரே ஒரு குறி சேர்த்தால் போதும். சேர்த்தேன். ரிசீவரை எடுத்துச் சைபரை அமுக்கினேன். உடனே டோன் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே, அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

போனைச் சோதித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த மூன்று வினாடிக்குப் பிறகு நாலாவது வினாடி நான் பொறுத்திருந்தால் அவர் சொல்ல வந்ததைச் சொல்லியிருப்பார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பறந்தேன். அன்றைக்கு அந்தப் பஸ் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது.