மருதாத்தாளும் கத்துகிறவனும்

கடைசி இட்லி உள்ளே போனதும் மருதாத்தாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அதட்டுவார்: “போ, போயி அந்தக் கத்தறவன் வாய அடை!” பிறகு ஒரு சொம்புத் தண்ணீர். மாத்திரை தொண்டையைத் தாண்டுமுன்பே உத்தரவு நிறைவேறிவிட்டது போல எழுந்துவிடுவார்.

கத்துகிறவன் என்பது ஒரு புரதம். அவருடைய ரத்தப் புற்றுநோய்க்கு அதுதான் மூலம். எலும்பு மஜ்ஜைக்குள் உட்கார்ந்து ‘பெருகு, பெருகு’ என்று செல்களுக்கு ஓயாமல் செய்தி அனுப்பும். மாத்திரை போய் அதன் வாய்க்குள் குந்திக்கொள்ளும். பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் இருக்கும் அவருடைய மாந்தோப்புக்கு மாங்காய் ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இதை விளக்கியாயிற்று. “வண்டில ஹாரன் சிக்கிக்கிட்டா ஒயரைப் புடுங்குவீங்கல்லோ? அதாட்டத்தானுங்க!” புற்றுநோய் என்றால் ஊரே குரலைத் தாழ்த்தும். இவர் எஞ்சின் சத்தத்துக்கு மேலே சொல்வார்.

மரங்களுக்கும் அவரிடம் ஏறக்குறைய இதே வைத்தியம். மா துளிர்த்துக்கொண்டே போனால் பூக்காது. வேரடியில் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை ஊற்றினால் அடங்கிப் பூக்கும். பூ கண்டபின் மருந்து கிடையாது. போன வருஷம் ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்ததும், தோட்டத்து நியாயத்தை உடம்புக்கும் வைத்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். “அதான் பூவெடுத்துருச்சல்லோ!”

கத்துகிறவன் மறுபடி வாய் திறந்தான். கோயம்புத்தூர் டாக்டர் திட்டித் தீர்த்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். இந்த முறை மாத்திரைக்கு நோய் கேட்குமா என்று அவராலேயே உறுதி சொல்ல முடியவில்லை. மருமகள் கோமதி ஒரு வாரம் பேசவில்லை. திட்டைவிட அதுதான் உறைத்தது.

கேட்டதா இல்லையா என்ற பதில் இன்று காலை வந்தது. மாத்திரை இன்னும் மருதாத்தாள் கையில்தான் இருந்தது. கோமதி போனைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏம்புள்ள, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? கத்தறானா?”

“இல்லீங்கத்தை… தேடிப் பாத்தும் ஆளையே காணலையாமுங்க!”

மருதாத்தாள் மாத்திரையை மடியில் செருகிவிட்டு மருமகளின் இரு கைகளையும் பிடித்துச் சுற்றிய சுற்றில் ஒரு கூடை மாங்காய் வாசலெங்கும் உருண்டது. லாரிக்காரர் ஜோமோன் காரணம் தெரியாமலே கைதட்டினார்.

“ஆளே இல்லாத வாய்க்கு இனி என்னத்துக்குப் புள்ள அடைப்பு?”

கோமதியின் சிரிப்பு சட்டென்று நின்றது. “அத்தை…”

மருதாத்தாள் மடியிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் எறிந்தார். சொம்பைக் கவிழ்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, ‘ஆ’வென்று வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கி மருமகளிடம் காட்டினார்.