மடிக்கேரியில் ஒரு நாள், முன் சீட்டில் சம்பத் சார்

டூர் வேன் ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்ப்பது பாதி வேலைதான். மீதி வேலை, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வையைச் சமாளிப்பது. என்னைப் போல ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக என் குடகு ட்ரிப்பைச் சொல்கிறேன்.

இடம் மாறி உட்கார்ந்தார்

எனக்கு வீடு பெங்களூர் ஈஜிபுராவில். பொம்மனஹள்ளியில் ஒரு அபார்ட்மெண்ட்காரர்கள் டூர் என்றால் என் வேனைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஐ.டி. வேலைக்கு வந்த நம்ம ஊர்க்காரர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இப்போது ஸ்கூல் வேன் வேண்டியிருந்தது. டூர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஸ்கூல் வேன் அப்படியில்லை, வருஷம் முழுக்க நிம்மதி. அந்த ஆர்டருக்காக நான் தவம் கிடந்தேன்.

குடகில் மடிக்கேரிக்குப் போய் அரண்மனை பார்ப்பதென்று முடிவானது. சனிக்கிழமை போய்த் தங்கி, ஞாயிறு முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். வேனைக் கொண்டுபோய் நிறுத்தினால், அசோசியேஷன் செகரட்டரி சம்பத் சார் என் பக்கத்து சீட்டில் ஏறிப் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். வழக்கமாக அவர் நடு சீட்டுக்காரர். பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "போன தடவை மைசூர்ல பட்டுக்கடைக்காரர் உங்க கையில என்னமோ கொடுத்தாராமே செல்வம், நம்ம ஆளுங்க பார்த்திருக்காங்க. ஸ்கூல் வேன் விஷயத்தை இந்த ட்ரிப் முடிஞ்சு பேசிக்கலாம்."

ஆபீஸ் மாதிரி ஒரு அரண்மனை

டூரிஸ்ட் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களைக் கூட்டிவரும் டிரைவருக்குக் கடைக்காரர் ஏதாவது கொடுப்பார். ஓட்டலில் உள்பக்கம் உட்காரவைத்துச் சும்மா சாப்பாடு போடுவார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை. இதை எடுத்துச் சொன்னால் நம்புகிற முகங்களா அவை? அதனால் மடிக்கேரியில் தங்கிய ராத்திரியே ஒரு முடிவுக்கு வந்தேன்: என்னைத் தெரிந்த எந்தக் கடையிலும், எந்த ஓட்டலிலும் வண்டியை நிறுத்துவதில்லை. ரொம்பப் புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காலையில் முதலில் கோட்டைக்குள் இருக்கும் அரண்மனை. முற்றத்தில் நிஜ யானை உயரத்துக்குக் கட்டி வைத்த யானைகள், பின்னால் நீளமாக ஓட்டுக் கட்டடம். மைசூரைப் பார்த்த கண்களுக்கு இது எடுபடவில்லை. சம்பத் சாரின் மனைவி ரேவதி மேடம் கட்டடத்தை ஒரு தரமும் என்னை ரெண்டு தரமும் பார்த்தார். "இது தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கு. டீசலை மிச்சம் பிடிக்காம நிஜ அரண்மனைக்கு ஓட்டுங்க டிரைவர்."

ஓட்டை வழியாக ஒரு கண்

சரி, காட்டுக்குள் ஒரு அரண்மனை இருக்கிறது, அதையும் காட்டிவிடலாம் என்று நாலக்நாட்டுக்கு விட்டேன். காபித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ரோடு. பாதியில் சம்பத் சாரின் போனில் சிக்னல் போய்விட்டது. மேப் அசையாமல் நின்றதும் அவர் என் முகத்தையே மேப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மலையடியில் பெரிய வீடு மாதிரி ஒரு அரண்மனை. யாரையும் நம்பாத ராஜா ஒளிந்துகொள்ளக் கட்டியது என்பார்கள். உள்ளே இருந்தபடியே வெளியில் வருகிறவனைப் பார்க்கச் சுவரில் துவாரங்கள். எல்லோரும் உள்ளே போனதும், நான் வாசலில் நின்ற தோட்டத்து ஆளிடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல இடம் எது என்று விசாரித்தேன். தெரிந்த ஓட்டல்தான் ஆகாதென்று முடிவு செய்தாயிற்றே! சம்பத் சார் வெளியே வந்தார். ஒரு கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. "துவாரம் வழியா எல்லாம் பார்த்தேன். அந்த ஆளோட என்ன ரகசியம் பேசுனீங்க?"

கூடவே உட்கார்ந்த குற்றம்

தோட்டத்து ஆள் சொன்ன ஓட்டலில் சோறு ஆறிப்போயிருந்தது. சாம்பாரில் வெல்லம் தூக்கல். ரசம் என்று வந்ததை யாரும் ரெண்டாம் முறை கேட்கவில்லை. நான் அவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, என் சாப்பாட்டுக்கு நானே காசு கொடுத்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கொடுத்தேன்.

அதுவும் தப்பாகப் போயிற்று. டிரைவர் உள்ளே போய்ச் சாப்பிடாமல் நம்மோடு ஏன் உட்கார்ந்தார், நமக்கு யோக்கியன் வேஷம் காட்டவா என்று பின் மேஜையில் கிசுகிசுத்தார்கள். ரேவதி மேடம் அப்பளத்தை ஒடித்துப் பார்த்தார். அது ஒடியவில்லை, வளைந்தது. "கமிஷன் ஓட்டலுக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம், அங்க வாய்க்கு ருசியா சோறாவது போட்டிருப்பாங்க."

காபித்தூள்

கடைசியாக காபித்தூள், தேன், மிளகு வாங்க வேண்டும் என்றார்கள். "எனக்கு எந்தக் கடையும் தெரியாது சார், நீங்களே பாருங்க" என்று கை கழுவிவிட்டேன். சம்பத் சார் முன்னால் நடந்து, கடைத்தெருவில் ஒரு கடையை அவரே தேர்ந்தெடுத்து எல்லோரையும் உள்ளே கூட்டிப் போனார். நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

பை பையாக வாங்கி வந்து ஏறினார்கள். கிளப்பப் போகும்போது கடைக்காரர் ஓடி வந்து, கண்ணாடியைத் தட்டி, ஒரு பெரிய காபித்தூள் பொட்டலத்தை நீட்டினார். "டிரைவரண்ணா, தகொள்ளி!" கன்னடத்தில் வாங்கிக்கோங்க என்கிறார். அந்த மனிதரை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை! வேனுக்குள் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. போச்சு, ஸ்கூல் வேன் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பேடா அண்ணா, பேடா" என்று வேண்டாமென்று கும்பிட்டேன்.

அவர் குழம்பிப்போய் வண்டியைச் சுற்றி வந்து, அந்தப் பக்க ஜன்னல் வழியாகப் பொட்டலத்தைச் சம்பத் சார் மடியில் வைத்தார். தமிழிலேயே சொன்னார்: "நீங்கதானே ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தீங்க, நீங்களே வெச்சிக்கோங்க சார்." சம்பத் சார் திருப்பிக் கொடுக்கக் கையைத் தூக்குவதற்குள் கடைக்காரர் தெருவைத் தாண்டிவிட்டார். பின் சீட்டிலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது: "அதான் சார் விசாரிக்காம நேரா அந்தக் கடைக்குள்ள பூந்தாரா?"

பொம்மனஹள்ளியில் இறங்கும்போது

திரும்பி வரும் வழியெல்லாம் சம்பத் சார் மேப்பைத் திறக்கவில்லை. பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார். வண்டி முழுக்கக் காபி வாசனை. நடு சீட்டிலிருந்து ரேவதி மேடம்கூட இப்போது அவரைத்தான் ரெண்டு தரம் பார்த்தார்.

எல்லோரும் இறங்கிப் போனபின் சம்பத் சார் என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமையிலிருந்து ஸ்கூல் வேனுக்கு வந்துடுங்க செல்வம். ஆனா அசோசியேஷன்ல கேட்டா, அந்தப் பொட்டலத்தை நான் கேட்டு வாங்கலன்னு நீங்கதான் சொல்லணும்."

அப்படியே போய்ச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தத் தெருவில் அத்தனை கடை இருக்க அவர் ஏன் அந்தக் கடைக்குப் போனார் என்கிற சந்தேகம் எனக்கும் இன்னும் தீரவில்லை.