விற்கக் கொண்டுபோன வண்டி வீடு

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, வெயில் தாழ்ந்து ஐந்து மணி வாக்கில் கீழக்கரையை விட்டுக் கிளம்பினோம். நானும் என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஜமாலும். போகவேண்டிய இடம் ராமேஸ்வரம், கிழக்கே அறுபது சொச்சம் கிலோமீட்டர். முக்கு ரோட்டில் வண்டி மேற்கே திரும்பியது.

"இது எந்த ஊரு வழி மச்சான்?" என்றேன்.

"விக்கிற வண்டிய ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்துக்கிறேன் புள்ள. ரெண்டு ராத்திரி. ஞாயித்துக்கிழமை நீ சொன்ன ஆளு கையில சாவியக் குடுத்துர்றேன்."

ஆளைப் பிடித்தது நான்தான். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர், போனிலேயே விலை பேசி முடித்துவிட்டேன். பேசினபடி நடக்கிறதா என்று பார்க்கத்தான் நானும் வண்டியில் ஏறியிருந்தேன். இவரைத் தனியாக அனுப்பினால் டயரில் காற்று இல்லை என்று பாதியில் திரும்பி வந்து நிற்பார்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய பள்ளிக்கூட வேன். துபாயில் வண்டி ஓட்டிவிட்டு இனி போவதில்லை என்று வந்து இறங்கிய மனுஷன், மூன்றாம் மாதமே அதை வாங்கித் தெருவில் நிறுத்தினார். சீட்டை எல்லாம் கழற்றி, மடக்குக் கட்டில் இரண்டு, கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, மேலே தண்ணீர் டேங்க், பேட்டரியில் ஓடும் காற்றாடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒரு வருஷம் போயிற்று. தெருவே சிரித்தது. "ஜமால் காக்கா, வீட்டைத் தூக்கிக்கிட்டு எங்க போறிய?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு மானம் போயிற்று. நாலு அறை உள்ள வீட்டில் இருக்கிற மனுஷன் வாசலில் இன்னொரு வீடு கட்டினால், உள்ளே இருக்கிறவளைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? அடுத்த மாதம் மகள் கல்யாணம். பந்தல் போடத் தெருவில் இடம் வேண்டும். அதைச் சாக்காக வைத்து விற்கச் சொல்லிவிட்டேன். சரி என்றார். நான் சொல்லி அவர் சரி என்னாதது எதுவும் இல்லை.

ஏர்வாடி தாண்டியதும் நான் கட்டிலை விட்டு எழுந்து அடுப்புப் பக்கம் போனேன். டீத்தூள் டப்பா ஜன்னலோரம் வெயிலில் இருந்தது. எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அது அங்கனயே இருக்கட்டும் புள்ள."

"வெயில் படுது மச்சான்."

"படட்டும்."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு டப்பா எங்கே இருக்கவேண்டும் என்று இவர் வாயால் சொல்லி என் காதால் கேட்டதில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளுக்குள் கோபம்தான்.

சாயல்குடிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். வழி நெடுகப் பனை, அப்புறம் உப்பளம், திரும்பவும் பனை. இருட்டுகிற நேரத்தில் ஊருக்கு வெளியே வானம் ஊதாவும் பச்சையுமாக மினுங்கியது. பொருட்காட்சி. முகப்பில் அட்டையும் சீரியல் பல்புமாக ஐம்பது அடி உயரக் கட்டடங்கள், அதன்மேல் எழுத்து ஓடுகிறது: "சாயல்குடியில் லாஸ் வேகாஸ்! அமெரிக்காவின் சூதாட்ட நகரம்!" நுழைவுக் கட்டணம் அறுபது ரூபாய். பக்கத்துப் பொட்டலில் வண்டியைப் போட்டோம்.

உள்ளே அமெரிக்கா அவ்வளவாக இல்லை. ராட்டினம், மரணக் கிணறு, தட்டை மறைக்கும் டெல்லி அப்பளம், வளையம் எறிகிற கடை. வளையம் ஐந்து ஐம்பது ரூபாய். எதில் விழுகிறதோ அது நமக்கு. நடுவில் ஒரு குக்கர் இருந்தது. எனக்கு அதன்மேல் கண்.

"சூது ஹராம்ல?" என்றார் இவர், முகத்தை ரொம்ப நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு.

"இது கையோட திறமை."

"அப்ப எறி. ஊருக்குப் போயி பள்ளிவாசல் ஆலிம்சாகிட்ட கேட்டுக்கலாம்."

ஆசை யாரை விட்டது? நாலு தடவை வளையம் வாங்கினேன். குக்கர் அசையாமல் இருந்தது. கடைசியில் ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. அதையே உலகக் கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம்.

பொட்டலில் இருந்தார். ராட்டினக்காரர் மனைவி, முப்பது வயது இருக்கும், ஒரு குடத்தோடு வந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். வருஷம் பூராவும் ஊர் ஊராய் லாரியில் குடும்பம் நடத்துகிறவள். நான் போய்ச் சேர்ந்தபோது கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், இது உங்க வீடா?"

இவர், "ஆமா, என் வீடுதான்" என்றார். "உள்ள வந்து பாரும்மா. டீ போடுறேன்."

அந்த முகத்தை நான் பார்த்தேன். மகள் பிறந்து நாற்பதாம் நாள் கையில் வாங்கியபோது அப்படி ஒரு முகம் இருந்தது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். இவர் பிறந்த வீடு இவர் கூடப் பிறந்த லாத்தாவுக்குப் போயிற்று, முறைப்படி. நாங்கள் இருப்பது என் உம்மா எனக்குக் கொடுத்த வீடு. நடுவில் துபாயில் எட்டுப் பேர் அறையில் ஒரு மேல்கட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். வந்தால் மீனில் நடுத்துண்டு அவருக்குத்தான். நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் டீ குடிப்பார். கேட்டு வாங்கியதில்லை, அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. அவரைத் தேடி வருகிற கூட்டாளிகள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். நாங்கள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவர் "உள்ள வாங்க" என்று யாரையும் கூப்பிட்டதும் இல்லை.

சனிக்கிழமை காலை வந்த வழியே கிழக்கே திரும்பினோம். கீழக்கரை முக்கு ரோடு வந்ததும் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன். "எறங்கிக்கிறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

புதுமடத்தில் மத்தியானம். கடலைப் பார்த்த மாதிரி தென்னை நிழலில் வண்டி. கரையில் வள்ளம் வந்திருந்தது. விளைமீன் இவரே பேரம் பேசி வாங்கினார், இவரே செதில் எடுத்தார், இவரே மசாலை கூட்டினார். துபாய் அறையில் வெள்ளிக்கிழமைச் சமையல் இவர் முறையாம். இவர் கைச் சாப்பாட்டை எட்டு ஊர்க்காரர்கள் தின்றிருக்கிறார்கள், கட்டின நான் தின்றதில்லை. உப்பு ஒரு கல் தூக்கல். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டேன்.

தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன். "நம்ம வீட்டுல ஒங்களுக்கு என்ன கொறை மச்சான்?"

"ஒரு கொறையும் இல்ல. இத்தனை வருஷமா நல்ல மரியாதை." கொஞ்சம் கடலைப் பார்த்தார். "மரியாதை குடுக்கிற எடத்துல காலை நீட்டி உக்கார முடியாதுல்ல புள்ள."

அழுகை வந்தால் கோபம் மாதிரி பேசுவது என் பழக்கம். "அதை முன்னயே சொல்றதுக்கென்ன?" என்றேன். சிரித்தார். விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை இவர், கேட்டால் நான் தருவேன் என்று நினைக்கிற ஆளும் இல்லை.

ஞாயிறு காலை உச்சிப்புளி, மண்டபம் கடந்து பாம்பன் பாலம். நிறுத்தாதே என்று பலகை எழுதியிருந்தும் பாலத்தின்மேல் பாதிப் பேர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் கடல். இவர் மெதுவாக ஓட்டினார். இதைவிட மெதுவாக ஓட்டினால் பின்னால் வருகிறவன் வைவான் என்கிற அளவுக்கு.

லாட்ஜ்காரர் ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, நல்ல மனுஷன். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்தார், கதவைத் தட்டினார், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

"இந்த அடுப்பு, கட்டில் எல்லாம் கழட்டிட்டு பன்னெண்டு சீட்டு போட்டுருவேன். தனுஷ்கோடிக்கு ஆள் ஏத்தலாம். என்னம்மா, போன்ல பேசுனபடிதான?"

என்னைத்தான் கேட்டார். இவர் சாவியை ஏற்கெனவே கையில் எடுத்து, சாவிக்கொத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். வளையம் இறுக்கம். நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"நான் பேசுனது தப்புங்க" என்றேன். "இது அவரு வீடு. அவரக் கேட்டுக்கங்க."

இவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேனா என்று பார்த்தார். "பந்தலுக்கு எடம்?" என்றார் மெல்ல.

"வண்டிக்குச் சக்கரம் இருக்குல்ல? பந்தல் அன்னைக்கு நாலு நாள் வேற தெருவுல நிக்கட்டும்."

சாவி திரும்பவும் சட்டைப் பைக்குள் போயிற்று. லாட்ஜ்காரருக்கு முகம் சுருங்கியது. "ஏங்க, இதச் சொல்லவா கீழக்கரையில இருந்து வந்திய?" என்றார். நியாயமான கேள்வி. நான் வாயைத் திறக்குமுன் இவர் கதவைத் திறந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீய அண்ணே. உள்ள வாங்க. ஒரு டீ குடிச்சுட்டுப் போகலாம்."

அவர் தயங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஜமால் அடுப்பைப் பற்றவைத்தார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். நல்ல டம்ளரில் அவருக்குக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று நீட்டினார். முக்கால் மணி நேரம் டீசல் விலையும் யாத்திரைக் கூட்டமும் பேசிவிட்டு, டீ நல்லாருந்துச்சு பாய் என்று சொல்லிப் போனார் அந்த மனுஷன்.

வெயில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் மகள் தனியாக இருப்பாள், கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கிறது. "கெளம்புவோமா மச்சான்?" என்றேன்.

"பொறு புள்ள. வீட்டுக்கு ஆளு வந்துட்டுப் போயிருக்கு. டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போவோம்."

கழுவ எழுந்தேன். "நீ உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.