வெள்ளைப் பெட்டியில் வாளைக் கருவாடு

மலை உச்சி வானிலை நிலையத்தில் என் மகள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அவளைப் பார்க்கப் பழவேற்காட்டிலிருந்து வாளைக் கருவாட்டோடு வந்திருக்கிறேன். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது.

இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது. நாலே நாளில் கருவாடு ஈரத்துணி மாதிரி ஆகிவிட்டது.

இன்று காலை திடீரென்று வெயில். வெளியே வைத்தால் குரங்கு விடாது. நிலையத்து வேலிக்குள் நாலு காலில் ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. சுற்றிலும் பலகைச் சந்து. காற்று நுழையும், குரங்கு நுழையாது. படகு, கூரை, மதில் என்று அறுபது வருஷமாகக் கருவாடு காயவைத்தவன் நான்; இவ்வளவு தோதான இடம் பார்த்ததில்லை. உள்ளே தொங்கவிட்டேன்.

பதினொன்றரைக்கு அளவு பார்க்க மகள் பெட்டியைத் திறந்தாள். பின்னால் அவளுடைய ஆபீசர்.

"நைனா! இன்னா பண்ணி வெச்சிகீற? காத்துல எவ்ளோ ஈரம்னு இதுலதான் பாக்குறோம். நீ ஈரத்தையே உள்ள மாட்டி வெச்சிகீறியே!"

அளவு தப்பினால் அவள் பேரில்தான் குறிப்பு எழுதுவார்களாம். அவள் முகம் வெளுத்துவிட்டது.

கருவாட்டை நான் உருவிக்கொண்டிருக்கும்போதே, பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து எங்கள் எல்லோரையும் மூடிவிட்டது.

ஆபீசர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஈரம் நூத்துக்கு நூறு. இப்ப கருவாடு இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். எழுதிக்கோம்மா."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பெரியவரே, காயவெச்சது போதும், கொழம்பு வெச்சிடுங்க. நானும் வரேன்" என்றார். வந்தார், மூன்று முறை சோறு வாங்கினார்.

இன்னும் நாலு துண்டு மிச்சம். எங்கே காயவைக்கலாம், சொல்லுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் சொல்லாதீர்கள், பூட்டுப் போட்டுவிட்டார்கள்.