பிடுங்கிய ஃபியூஸும் அணையாத மஞ்சள் விளக்கும்

சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தார்ப்பாய் கட்டி பங்க்சர் ஒட்ட உட்கார்ந்தபோது என்னிடம் இருந்தது இரண்டு ஸ்பேனர். அதை வைத்துத்தான் பைக் ஒர்க்ஷாப் கட்டினேன். கடலூரில் இன்னொன்று கட்டினேன். இரண்டு பெண்களை டிகிரி படிக்கவைத்தேன். வண்டிச் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வேன். அப்படிப்பட்ட நான், 2012இல் உளுந்து அறுப்பு சமயத்தில், பெற்ற மகளையே சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

மருமகன் டேவிட் ஏபிஎஸ் என்கிற புதுவகை பிரேக் வைத்த பைக் வாங்கியிருந்தார். எங்கள் பக்கம் அப்போது அது அபூர்வம்.

"மாமா, மண்ணுல அழுத்திப் புடிச்சா பிரேக் லிவரு கையில ஒதறுது" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். உதறியது. என் சர்வீசில் உதறுகிற பிரேக் என்றால் கெட்டுப்போன பிரேக். "இதெல்லாம் சும்மா வெச்ச பொம்ம மாப்ள" என்று ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். உதறல் நின்றது. மீட்டரை நான் பார்க்கவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணியான என் மகள் எஸ்தரை ஏற்றிக்கொண்டு மருமகன் கடலூர் கிளம்பினார்.

பிறகு, கம்பெனி மெக்கானிக் ஒருவனைத் திட்டலாம் என்று போன் போட்டேன். அவன் சிரித்தான்.

"அண்ணே, ஒதறுறதுதான் அதோட வேலையே. சக்கரம் சுத்தாம பூட்டிக்கப் பாக்கும்போது பிரேக்க விட்டு விட்டுப் புடிக்குது. சக்கரம் சுத்துனாத்தான் வண்டி வழுக்காது. ஃபியூஸ கியூஸப் புடுங்கிடாதீங்க."

"புடுங்கிட்டேன்டா."

"அய்யோ அண்ணே!"

ஃபியூஸ் இல்லாவிட்டாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் மருமகன் ஏபிஎஸ்ஸை நம்பி அழுத்திப் பிடித்தே பழகியவர். கடலூர் ரோட்டிலோ, வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று உளுந்துச் செடியைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் சக்கரம் பூட்டிக்கொண்டால் எண்ணெயில் கால் வைத்த கதைதான்.

மருமகன் போனை எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்தேன். கிரீஸ் கையோடு முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் கை செஞ்சத உம்ம கையால நிறுத்தும்." அவ்வளவுதான் வாயில் வந்தது. எழுந்து என் வண்டியை உதைத்துக் கிளப்பினேன். போன் அடித்தது.

"மாமா, மீட்டர்ல மஞ்ச லைட்டு எரியுது. எப்பவும் ஓட ஆரம்பிச்சா அணைஞ்சிடும், இன்னிக்கு அணையவே இல்ல. எஸ்தரு எறங்கி நின்னுக்கிட்டு ஏற மாட்டேன்றா. உங்கப்பா பாத்த வண்டிதான, ஏறுன்னா, அதான் பயமா இருக்குன்றா!"

"நவுறாதீங்க மாப்ள. நான் வரேன்."

புதுச்சத்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தார்கள். நூறடி தள்ளி ரோடு முழுக்க உளுந்துச் செடி. ஃபியூஸைச் சொருகினேன். அந்தச் செடிமேல் நானே ஓட்டி அழுத்திப் பிடித்தேன். லிவர் உதறியது. நிற்பதற்கு இரண்டடி கூடப் போனது. ஆனால் சாயவில்லை. நேராக நின்றது.

ஓட்டத் தெரிந்தவனுக்கு ஏபிஎஸ் எதற்கு என்பார்கள். நானும் கேட்டவன்தான். குறுக்கே மாடு வந்தால் கை யோசிக்காது, அழுத்தும். அந்த நொடிக்கு அது வேண்டும். அதை நம்பிப் பறக்கவும் கூடாது.

பேரன் சுகமாகப் பிறந்தான். தெரியாததைத் தெரியும் என்று சொல்வதை விட்டேன். உங்கள் கையே செய்த தப்பாக இருந்தாலும் கூச்சப்படாமல் கர்த்தரிடம் சொல்லுங்கள். கேட்பார்.

மகிமை முழுவதும் அவருக்கே. ஆனால் சிதம்பரத்தில் கடை கடையாக ஏறி, ஏபிஎஸ் ஃபியூஸில் கை வைக்காதே என்று ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் சொன்னவன் நான். அதை நீங்கள் வேறு சபையில் சொல்லும்போது யாரோ ஒரு சகோதரன் என்று சொல்லக்கூடாது. மெக்கானிக் ஞானமுத்து என்று பேரைச் சொல்லியே சொல்லவேண்டும்.