அப்பா சாய்ந்திருந்த பாறை

அப்பாவை நான் பார்த்ததில்லை. போர்க்காலத்தில் எல்லையிலிருந்த படைக்குச் சாமான் ஏற்றிப்போன விமானத்தில் அவர் மெக்கானிக். மலைகளுக்கு நடுவே அந்த விமானம் காணாமல் போனது. அம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. 'காணவில்லை' என்றுதான் தந்தி வந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டாள். அப்பாவுக்காக இறந்தோர் பூசை வைக்க ஒருநாளும் சம்மதித்ததில்லை. கல்லறைத் திருநாளன்று தெருவே மெழுகுவத்தியோடு கிளம்பும்போது, அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள்.

சில வருடங்களுக்கு முன், மலையேறப் போனவர்கள் பனி உருகிய ஒரு சரிவில் விமானத்தின் வாலைப் பார்த்தார்கள். ராணுவம் போய்த் தேடியது. என் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். பிறகு ஓர் அதிகாரி அண்ணனூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மோதுன அந்த நிமிஷமே உயிர் போயிருக்கும்மா. வலியே தெரிஞ்சிருக்காது."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பெட்டி வந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, பெட்டியோடு வந்திருந்த ஒரு ஜவான் என்னைத் தனியே கூப்பிட்டார். தேடப் போனவர்களில் அவரும் ஒருவர், வேலூர்ப் பக்கத்துக்காரர்.

"அக்கா, மனசு கேக்கல, அதான் சொல்றேன். மத்தவங்க எல்லாம் விமானத்துக்குள்ள இருந்தாங்க. உங்கப்பா மட்டும் கொஞ்சம் தள்ளி, காத்து அடிக்காத பக்கமா ஒரு பாறையில சாஞ்சு உக்காந்திருந்தாரு. பாராசூட் துணியக் கிழிச்சு கால்ல கட்டுப் போட்டிருந்தாரு."

"எத்தன நாள் இருந்திருப்பாரு?"

"தெரியலக்கா. ஒரு நாளோ, ரெண்டு நாளோ."

வெயிலில் நின்றபடியே அழுதேன். யாராவது வருவார்கள் என்று அவர் அந்தப் பனியில் கீழே பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். யாரும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"அந்த ஆளு உங்கிட்ட இன்னா சொன்னாரு?"

"கெளம்புறேன்னு சொன்னாரும்மா."

"அதுக்கா அம்மாம் நேரம் அழுதுகினு நின்ன?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா உடனே போயிட்டாரு, இல்ல?"

"ஆமாம்மா. உடனே."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரி, போய் மூஞ்சி கழுவு" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

போன தை மாதம் அம்மாவும் போய்விட்டாள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பொய் சொன்னேன். ஆனால் அவர் பிழைக்கப் பார்த்தார், எங்களிடம் திரும்பி வரப் பார்த்தார் என்பதையும் சேர்த்தே மறைத்துவிட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.